சீருடைக்குள்ளும் ஒரு மனசாட்சி உண்டு!

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தேன். ஓர் இளைஞன் வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக் கொண்டான். இராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் தேறி விட்டானாம். மருத்துவப் பரிசோதனையும் முடிந்து விட்டதாம்.

‘பாய், ஒரு சந்தேகம். உள்ளே போனா தாடியை எடுக்கச் சொல்வாங்களாம். தொழவும் விட மாட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றார். அதெல்லாம் சும்மா, ஒண்ணும் இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். அத்தா போகவே வேணாங்கிறார். நான் போகலாமா, கூடாதா?’

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘போ’ என்று சொல்வதும் எளிது. ‘போகாதே’ என்று சொல்வதும் எளிது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நம் சமுதாயம் பல காலமாகத் தனக்குள்ளேயே முணுமுணுத்து வரும் கேள்வி. சீருடை அணிந்தவுடன் ஒருவன் தன் மார்க்கத்தையும், வாய் திறந்து பேசும் உரிமையையும் வாசலில் கழற்றி வைத்து விட்டுத்தான் உள்ளே போக வேண்டுமா? வாசகர்களே, இதைக் கோபப்படாமல், பதற்றப்படாமல், சட்டத்தையும் நடந்த வழக்குகளையும் வைத்துக் கொண்டு கொஞ்சம் பார்ப்போம்.

வேலூர் சொன்ன பாடம்

இந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்தோ டில்லியிலிருந்தோ நமக்கு இறக்குமதியானதல்ல. நம் தமிழ் மண்ணிலேயே இரத்தம் சிந்திக் கேட்கப்பட்ட கேள்வி இது. 1805 இறுதியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்கு ஒரு புதிய தலைப்பாகையைக் கொண்டு வந்தார். அது ஐரோப்பியத் தொப்பி போல இருந்தது. தோலால் ஆன சின்னம் வேறு. இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் போடக் கூடாது, முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவுகளும் பிறந்தன.

1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தனர். மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டு போய் விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குக் கசையடி கொடுத்துப் படையை விட்டுத் துரத்தினார்கள். கவனியுங்கள்: அவர்கள் இருவர் முதுகிலும் விழுந்தது ஒரே சாட்டை! மனுச் செய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் அதுதான். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் அதிகமான ஆங்கிலேயர்கள் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டு வந்த படை கோட்டையை மீட்டபோது சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில் காவலில் இருந்ததும் ஒரு காரணம் என்பார்கள். சம்பளக் குறையும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். தலைப்பாகை உத்தரவு வாபஸானது. தளபதி கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சிப்பாயின் நெற்றியிலும் தாடியிலும் கை வைத்தால் படையே நிற்காது என்பதைக் கம்பெனிக்காரன் கூடப் புரிந்து கொண்டான். நூற்றுக்கணக்கான பிணங்கள் விழுந்த பிறகு!

ஒழுங்கு வேண்டாம் என்கிறோமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். இராணுவம் என்பது சந்தைக் கடை அல்ல. துப்பாக்கியைக் கையில் கொடுத்து அனுப்பும் ஓர் அமைப்பில் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் இல்லாவிட்டால், அது ஆயுதம் ஏந்திய கும்பலாகி விடும். அந்தக் கும்பலுக்கு முதல் பலி யார் ஆவார்கள் என்பதைச் சிறுபான்மை மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே படையில் ஒழுங்கு வேண்டும் என்று மற்றவர்களை விட உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நம் அரசியல் சாசனமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. சாசனத்தின் 33-வது பிரிவு, படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்கிறது. எதற்காக? கடமை சரியாக நடக்கவும் ஒழுங்கு நிலைக்கவும். 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும், அதே ஆண்டின் விமானப் படைச் சட்டத்தின் 21-வது பிரிவும் இதன்படி எழுதப்பட்டவை. எவற்றைக் கட்டுப்படுத்தி விதி செய்யலாம் என்று அவை வரிசைப்படுத்துகின்றன: தொழிற்சங்கம் மற்றும் பிற சங்கங்களில் சேருவது, கூட்டங்களில் கலந்து கொள்வது, பேசுவது, ஆர்ப்பாட்டம் செய்வது, பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது, புத்தகம் எழுதி வெளியிடுவது.

இந்த வரிசையை இன்னொரு முறை படியுங்கள். சங்கம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. மதம் இருக்கிறதா? இல்லை! மாறாக, அதே இராணுவச் சட்டத்தின் 64-வது பிரிவு, இன்னொருவருடைய மதத்தை வேண்டுமென்றே அவமதிப்பதையும் மத உணர்வைப் புண்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. பாராளுமன்றம் சிப்பாயின் பேச்சுக்குக் கடிவாளம் போட்டது. அவன் வழிபாட்டுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இதுதான் சட்டத்தின் வாசகம்.

பிறகு சிக்கல் எங்கே வருகிறது? சட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒழுங்கு விதிகளிலும், அவற்றுக்கும் கீழே இருக்கும் சுற்றறிக்கைகளிலும், அவற்றுக்கும் கீழே இருக்கும் மேலதிகாரியின் மனநிலையிலும்தான் வருகிறது.

ஒரு தேதி முடிவு செய்த தாடி

முகம்மது சுபைர் வழக்கைப் பாருங்கள். விமானப் படையில் பணியாற்றிய அவர் மார்க்கக் காரணத்துக்காகத் தாடி வைக்க 2005-இல் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. தாடி வைத்ததற்காக இன்னொரு முஸ்லிம் வீரர் 2008-இல் பணியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். இருவர் வழக்கையும் சேர்த்து உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது. தாடிக்கு இடமில்லை என்பதே முடிவு.

காரணம் என்ன? விமானப் படையின் 1964-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 425, முகம் மழித்திருக்க வேண்டும் என்கிறது. எவருடைய மதம் முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ தடை செய்கிறதோ அவருக்கு மட்டும் விலக்கு. சீக்கியச் சகோதரர்கள் அந்த விலக்கில் வருகிறார்கள், மகிழ்ச்சி. இஸ்லாத்தில் அப்படித் தடை உண்டா என்று நீதிபதிகள் கேட்டார்கள். இதில் பல விளக்கங்கள் உண்டு, விரும்பத்தக்கது என்பது அதில் ஒன்று என்று வழக்கறிஞர் நேர்மையாகச் சொன்னார். அத்தோடு வழக்கு முடிந்து போயிற்று.

தாடி கடமையா, சுன்னத்தா என்று இங்கே விவாதிக்க நான் வரவில்லை. அதை ஆலிம்கள் பார்த்துக் கொள்வார்கள். என் கேள்வி வேறு. 2003-இல் விமானப் படைத் தலைமையகம் வெளியிட்ட கொள்கை என்ன சொன்னது தெரியுமா? 2002 ஜனவரி 1-க்கு முன் பணியில் சேரும்போதே தாடி வைத்திருந்த முஸ்லிம்கள் அதை வைத்துக் கொள்ளலாம். அப்படியானால் 2001 டிசம்பர் 31 வரை ஒழுங்கைக் கெடுக்காத தாடி, மறுநாள் காலையில் எப்படி ஒழுங்கைக் கெடுத்தது? அதே இந்தியாவின் கப்பற்படையில், எந்த மதத்தவரும் மேலதிகாரியின் அனுமதியோடு தாடி வைக்கும் மரபு இருக்கிறதே! கடலில் கெடாத கட்டுப்பாடு வானத்தில் மட்டும் கெட்டு விடுமா?

விஷவாயு முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்த வேண்டும், அதற்குத் தாடி தடை என்றால், அது ஒரு நியாயமான காரணம். அதைச் சோதித்துக் காட்டட்டும். அந்தப் பணியில் இருப்பவர் தாடியை எடுக்கட்டும். நாமே எடுத்துச் சொல்வோம். ‘எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்’ என்பது மட்டுமே காரணம் என்றால், தலைப்பாகைக்கும் தாடிக்கும் ஏற்கெனவே இடம் கொடுத்த ஒரு படையில் அந்தக் காரணம் நிற்குமா? சிந்தியுங்கள்!

யூதரின் தொப்பியும் நம் தாடியும்

இப்போது நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்க விமானப் படையில் கோல்ட்மேன் என்று ஒரு கேப்டன் இருந்தார். வைதிக யூதர், யூத மத குருவாகவும் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவில் மார்ச் விமானத் தளத்தின் மருத்துவமனையில் உளவியல் நிபுணராக வேலை. யார்முல்கா என்று யூதர்கள் சொல்லும் சிறு தொப்பியை எந்நேரமும் தலையில் அணிந்திருந்தார். வெளியே போகும்போது அதன் மேல் படைத் தொப்பியைப் போட்டுக் கொள்வார். 1977 முதல் ஆண்டுக் கணக்கில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

1981 ஏப்ரலில் ஓர் இராணுவ நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதரவான சாட்சியாக அவர் போய்ப் பேசினார். உடனே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புகார் எழுதினார்: கட்டடத்துக்குள் தொப்பி அணிவது விதிமீறல்! பல ஆண்டுகள் கண்ணில் படாத தொப்பி, அவர் பிடிக்காத சாட்சி சொன்னதும் கண்ணில் பட்டு விட்டது. மத உரிமையும் பேச்சுரிமையும் இரட்டைப் பிள்ளைகள் என்பது இதில் புரிகிறதா? வாயை மூட முடியாதபோது தலையில் இருப்பதைப் பிடுங்குவார்கள்.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1986 மார்ச் 25 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கோல்ட்மேன் தோற்றார். இராணுவத்துக்கு எது தேவை என்று இராணுவம் சொன்னால் நீதிமன்றம் அதில் பெரிதாகத் தலையிடாது என்பதே பெரும்பான்மையின் கருத்து. யூதத் தொப்பியை அனுமதித்தால் நாளை சீக்கியரின் தலைப்பாகையும் வந்து நிற்குமே என்ற கவலையையும் அந்தத் தரப்பின் நீதிபதி ஒருவர் எழுதி வைத்தார்.

‘யூதருக்காக நாம் பேசுவதா?’ என்று சிலர் கேட்கலாம். ஆம், பேசத்தான் வேண்டும்! பாலஸ்தீன மண்ணை ஆக்கிரமித்திருக்கும் ஓர் அரசின் செயலுக்கும், கலிபோர்னியாவில் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த ஒரு மனிதரின் தொப்பிக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்குவது நமக்கு எத்தனை முறை நடந்திருக்கிறது! அதையே நாம் பிறருக்குச் செய்யலாமா? மேலும் பாருங்கள்: அவர் தொப்பியை எடுக்கச் சொன்ன வாதமும், சுபைரின் தாடியை எடுக்கச் சொன்ன வாதமும் ஒன்றே. அவருக்கு எதிராக அதை ஏற்றுக் கொண்டால் நமக்கு எதிராக மறுக்க முடியாது.

அமெரிக்க மக்கள் அத்தோடு விட்டு விடவில்லை. 1987 டிசம்பரில் அவர்களுடைய பாராளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. நேர்த்தியாகவும் அடக்கமாகவும் இருக்கும் மதச் சின்ன உடையைச் சீருடையோடு அணியலாம். பணிக்கு இடையூறானால் மட்டுமே மறுக்கலாம். நீதிமன்றம் மூடிய கதவை மக்கள் மன்றம் திறந்தது! 1993-இல் மத சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது: அரசுக்குத் தவிர்க்க முடியாத தேவை இருக்கிறது, அதற்கு இதை விட மென்மையான வழி இல்லை என்று அரசே நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் சீக்கிய இளைஞர்கள் வழக்குத் தொடுத்து வென்றார்கள். 2017 ஜனவரியில் தலைப்பாகை, தாடி, ஹிஜாப் ஆகியவற்றுக்கு எளிதில் அனுமதி பெற அமெரிக்கத் தரைப்படை உத்தரவிட்டது.

ஆனால் உத்தரவாக வந்தது உத்தரவாகவே போகவும் கூடும். 2025 செப்டம்பர் இறுதியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத், தாடிக்கான விலக்குகளை 2010-க்கு முந்தைய நிலைக்குத் திருப்ப ஆணையிட்டார். அமைச்சர் கொடுத்ததை அமைச்சர் பறிக்கலாம். சட்டம் கொடுத்ததைப் பறிக்க, சட்டத்தோடு மோத வேண்டும். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு கிறிஸ்தவ அதிகாரியின் கதை

நம் நாட்டில் அண்மையில் நடந்தது லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் வழக்கு. 3-வது குதிரைப் படை ரெஜிமெண்டில் 2017-இல் அதிகாரியாகச் சேர்ந்தவர். சீக்கிய வீரர்களின் பிரிவுக்குத் தலைவர். வாராந்திர மத அணிவகுப்புக்குத் தம் வீரர்களோடு போவார். கோயில், குருத்வாரா வாசல் வரை போவார். கருவறைக்குள் நுழைந்து சடங்கில் பங்கு கொள்ள மட்டும் தம் கிறிஸ்தவ மனசாட்சி இடம் தரவில்லை என்றார். 2021 மார்ச்சில் பென்ஷன் இல்லாமல் பணி நீக்கம் செய்யப்பட்டார். 2025 மே 30 அன்று டில்லி உயர்நீதிமன்றமும், நவம்பர் 25 அன்று உச்சநீதிமன்றமும் அதைச் சரி என்று சொல்லி விட்டன.

இராணுவத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்வோம். வீரர்கள் தங்கள் தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் போரில் பாய்கிறார்கள். தலைவன் வெளியே நின்றால் அவர்கள் மனம் ஒட்டாது. மேலதிகாரிகள் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. இந்த வாதத்தில் கனம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போருக்குப் போக மறுத்தாரா? வீரர்களின் வழிபாட்டைத் தடுத்தாரா? கேலி செய்தாரா? இல்லையே! மரியாதையோடு வெளியே நிற்கிறேன் என்றார்.

கோல்ட்மேன் தோற்ற அதே 1986-இல், ஆகஸ்ட் 11 அன்று, நம் உச்சநீதிமன்றம் ஓர் அருமையான தீர்ப்புச் சொன்னது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மரியாதையாக எழுந்து நின்றதே போதும், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்தது. பள்ளிக்கூடமும் படை முகாமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் மரியாதையாக நிற்பதற்கும் வணங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பள்ளிப் பிள்ளைக்கு இருந்தால், அது சீருடைக்காரனுக்கும் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? நாளை ஒரு முஸ்லிம் அதிகாரிக்கு இதே கட்டளை வராது என்று யார் உறுதி தருவார்கள்? அன்றைக்குக் குரல் கொடுக்க நமக்கு வாய் இருக்க வேண்டுமானால், இன்றைக்கு இவருக்காகக் கொடுத்திருக்க வேண்டும்.

வாய்ப்பூட்டு எதுவரை?

இனி பேச்சுக்கு வருவோம். சீருடையில் இருந்து கொண்டு கட்சி மேடையில் பேசக் கூடாது. படை எங்கே நகர்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது. இதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ‘எனக்குச் சாப்பாடு சரியில்லை’ என்று சொல்வது தேசத் துரோகமா?

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ், கருகிய ரொட்டியையும் தண்ணீராக ஓடும் பருப்பையும் படம் பிடித்து வெளியிட்டார். நாடே பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் பணி நீக்கம் செய்யப்பட்டார். விதிப்படி அது தவறாகவே இருக்கட்டும். ஒரு வீரன் தன் தட்டைக் கேமராவுக்குக் காட்டும் நிலைக்கு ஏன் வருகிறான்? உள்ளே சொன்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாததால்தானே!

அமெரிக்காவிலும் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்ற சண்டை நடந்தது. தோல் மருத்துவரான கேப்டன் ஹோவர்டு லெவி, வியட்நாமுக்குப் போகும் சிறப்புப் படையினருக்குப் பயிற்சி தர மறுத்தார். அந்தப் போர் தவறு என்று சாதாரண வீரர்களிடம் பேசினார். 1967-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். இராணுவம் ஒரு தனிச் சமுதாயம், வெளியே உள்ள பேச்சுரிமை அப்படியே உள்ளே பொருந்தாது என்று 1974-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கைவிரித்து விட்டது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கொலராடோவில் உள்ள அமெரிக்க விமானப் படைக் கல்லூரியில், அதிகாரிகளே மாணவர்களிடம் தங்கள் மதப் பிரிவைத் திணிக்கிறார்கள் என்ற புகார் 2005-இல் பெரிதாக வெடித்து, விசாரணையே நடந்தது. ‘பிரச்சாரம் எங்கள் பேச்சுரிமை’ என்று சிலர் வாதாடினார்கள். தோளில் நட்சத்திரம் குத்தியவர் சொன்னால் அது பேச்சா, கட்டளையா? கேட்பவன் எழுந்து போக முடியாத இடத்தில் பிரச்சாரம் என்பது நிர்ப்பந்தம். இது நமக்கும் பொருந்தும். நாளை ஒரு முஸ்லிம் அதிகாரி தன் கீழ் உள்ள இந்து வீரனிடம் மார்க்கம் பேசி நெருக்கினால், அவருக்கு எதிராக முதலில் எழுதுவது இந்தப் பேனாவாகத்தான் இருக்கும்.

சந்தேகம் என்னும் சிறை

விதிகளை விடக் கொடியது சந்தேகம். ஜேம்ஸ் யீ என்ற அமெரிக்கத் தரைப்படைக் கேப்டன், சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் படித்தவர். 1991-இல் இஸ்லாத்தைத் தழுவியவர். குவாண்டனாமோ சிறை முகாமில் முஸ்லிம் மத போதகராக அந்த இராணுவமே அவரை நியமித்தது. 2003 செப்டம்பரில் விடுமுறைக்கு ஊர் திரும்பியவரை விமான நிலையத்தில் கைது செய்தார்கள். உளவு, எதிரிக்கு உதவி என்றெல்லாம் செய்திகள் பறந்தன. 76 நாட்கள் தனிமைச் சிறை! கடைசியில் 2004 மார்ச்சில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவருக்குக் கொடுத்த கண்டனக் கடிதமும் பின்னர் ரத்தானது. குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வந்தது. விடுதலை எந்தப் பக்கத்தில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1948-இல் ஜாங்கரில் உயிர் நீத்த பிரிகேடியர் உஸ்மானையும், 1965-இல் கேம்கரனில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தகர்த்து வீரமரணம் அடைந்து பரம் வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீதையும் மேடைக்கு மேடை நாம் சொல்கிறோம். நம் விசுவாசத்துக்குச் சான்றிதழ் காட்டுவது போலச் சொல்கிறோம். தேவையில்லை, சகோதரர்களே! உரிமை கேட்க உயிரை விட்டுத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. உரிமை, உயிரோடு இருப்பவனுக்கும் உண்டு.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: படையினரின் மத வழக்கங்களைப் பற்றிய விதி, சுற்றறிக்கையாக அல்லாமல் பாராளுமன்றம் இயற்றும் சட்டமாக வர வேண்டும்.

இரண்டு: தடை விதிக்கும்போது, ஏன் தேவை என்று படைதான் காட்ட வேண்டும். ‘உன் மதத்தில் இது கட்டாயமா’ என்று வீரனைக் கூண்டில் நிறுத்திக் கேட்கக் கூடாது. பிரிட்டிஷ் தரைப்படையே 2024 மார்ச்சில் எல்லா மதத்தினருக்கும் தாடியை அனுமதித்து விட்டது. அந்தப் படை கலைந்தா போயிற்று?

மூன்று: குறை சொல்ல, மேலதிகாரியின் கைக்கு எட்டாத ஒரு வழி வேண்டும். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடு கூட இல்லையே என்று 1982-இல் உச்சநீதிமன்றம் வருந்தியது. 2007-இல்தான் ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. அது தண்டனைக்குப் பிறகு போகும் கதவு. தண்டனைக்கு முன் தட்ட ஒரு கதவு வேண்டும். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் இது இன்னும் அவசரம். நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக் கொள்வார்கள். தன்னை வைத்துக் கொள்வதா வேண்டாமா என்பதில் மேலதிகாரியின் மதிப்பீடும் சேரும்போது, எந்தப் பையன் அவர் முன்னால் உரிமை பேசுவான்?

நான்கு: இவை அனைத்தும் எல்லா மதத்தவருக்கும், மதம் இல்லாதவருக்கும் வேண்டும். நமக்கு மட்டும் கேட்டால் அது சலுகை. எல்லோருக்கும் கேட்டால்தான் அது உரிமை.

அந்தப் பிள்ளைக்கு என் பதில்

தம்பி, போ. தயங்காமல் போ. இது உன் நாடு. அதைக் காக்கும் வேலையும் உன்னுடையது. நாம் ஒதுங்கி நின்றால், ஒதுக்க நினைப்பவர்களுக்கு வேலை மிச்சம். அத்தாவிடம் நான் வந்து பேசுகிறேன்.

ஆனால் கண்ணை மூடிக் கொண்டு போகாதே. தாடியைப் பற்றி உன் பிரிவின் விதி என்ன என்று சேருமுன்பே கேள். இன்றைய நிலையில் அது கிடைக்காமல் போகலாம் என்பதையும் தெரிந்து கொண்டு போ. தொழுகைக்கும் நோன்புக்கும் வசதி வேண்டுமானால் வாயால் முணுமுணுக்காதே. முறையாக எழுதிக் கொடு, நகல் வைத்துக் கொள். கட்டளையை மீறாதே, மனுவை விடாதே. உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் சீக்கியனுக்கோ, கிறிஸ்தவனுக்கோ, விபூதி பூசிய நம் ஊர்ப் பையனுக்கோ அவன் வழிபாட்டில் ஒரு தொல்லை வந்தால், அவனுக்குத் தெரிந்த முதல் சாட்சி நீயாக இரு.

வெளியே இருக்கும் நாம் என்ன செய்யப் போகிறோம்? உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலை கேட்கிறீர்கள், மயானத்துக்குச் சுவர் கேட்கிறீர்கள். படையில் இருக்கும் பிள்ளையின் மனசாட்சிக்கு ஒரு சட்டம் கேட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை கேளுங்கள். 1806-இல் சாட்டையடி வாங்கிய அந்த இரண்டு சிப்பாய்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் கோயிலுக்குப் போனவர். ஒருவர் பள்ளிக்குப் போனவர். இருவரும் சேர்ந்து நின்றதால்தான் அந்த உத்தரவு கிழிந்தது. இன்றைக்கும் சேர்ந்து நின்றால்தான் வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.